கொட்டகையில் கிடக்கும் சைக்கிள்... எடைக்குப் போடாதீங்க!

'அப்பா ஓட்டிய 28 இன்ச் சைக்கிள், பதினைந்து வருடமாக மாட்டுக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கிறது. பழைய இரும்பு வாங்குபவர் கிலோ கணக்கில் கேட்கிறார். கொடுத்துவிடலாமா, இல்லை சரிசெய்தால் ஓடுமா?' நெல், மாடு, பம்புசெட் பற்றிய கேள்விகளுக்கு நடுவில் இப்படியான கேள்விகளும் நம் இதழுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அதற்கான விரிவான பதில்தான் இந்தக் கட்டுரை.

ஓடும். பெரும்பாலான பழைய சைக்கிள்கள் நிச்சயம் ஓடும். ஆனால், எதற்கு முதலில் செலவு செய்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பலரும் முதலில் பெயின்ட் அடிக்கிறார்கள், புது சீட் போடுகிறார்கள், பெல் மாற்றுகிறார்கள். தேய்ந்த பிரேக் கட்டையும், வெடித்த டயரும் அப்படியே இருக்கும். பார்க்க மாப்பிள்ளை போல இருக்கும் அந்த வண்டியில்தான் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோம். முதலில் நிற்க வேண்டும், அடுத்து உருள வேண்டும், அப்புறம் சுமக்க வேண்டும், கடைசியாகத்தான் மினுமினுக்க வேண்டும். இந்த வரிசை மாறாமல் செலவு செய்தால், போட்ட பணம் வீணாகாது.

ஏன் காப்பாற்ற வேண்டும்?

சென்னை, அம்பத்தூரில் 1949-ம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. அதையடுத்த சில ஆண்டுகளில் வடக்கே அட்லஸ், ஹீரோ நிறுவனங்களும் வந்தன. அந்தக் காலத்திலிருந்து நம் ஊர்களில் ஓடும் பார் வைத்த கறுப்பு சைக்கிளின் வடிவமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவே இல்லை. கோன், கப்பு, பால்ரஸ், ஃப்ரீவீல், பிரேக் கட்டை எல்லாம் தாலுகா தலைநகரில் உள்ள உதிரிபாகக் கடையில் இப்போதும் கிடைக்கும். நாற்பது வருடத்துக்கு முன்பு வாங்கிய வண்டிக்கு இன்றைக்கும் உதிரிபாகம் கிடைக்கிறது என்றால், அது சாதாரண விஷயமில்லை.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். பால் சொசைட்டி, ரேஷன் கடை, வயல், பஸ் ஸ்டாப் என்று தினமும் 10 கிலோமீட்டர் பைக்கில் சுற்றினால், மாதத்துக்கு 300 கிலோமீட்டர். வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தந்தால் 6 லிட்டர் பெட்ரோல் தேவை. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலே மாதம் 600 ரூபாய், வருடத்துக்கு 7,200 ரூபாய். இதில் பாதித் தூரத்தை சைக்கிளுக்கு மாற்றினாலும் வருடத்துக்கு 3,600 ரூபாய் கையில் நிற்கும். உங்கள் ஊர் மெக்கானிக் சொல்லும் தொகையை இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

முதலில் எலும்பைப் பாருங்கள்

எந்தச் செலவும் செய்வதற்கு முன், சைக்கிளை வெளியே எடுத்து, கழுவித் துடைத்து, வெயிலில் நிறுத்தி ஃப்ரேமை நன்றாகப் பாருங்கள். மேல்துரு பற்றிக் கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது விரிசலை. ஹேண்டில் பார் இறங்கும் தலைக்குழாயோடு மற்ற குழாய்கள் சேரும் இடம், பெடல் ஆக்சில் போகும் அடிக்கூடு, முன் ஃபோர்க்கின் தோள்பட்டை ஆகிய மூன்று இடங்களில்தான் பெரும்பாலும் விரிசல் விடும். முடி போல மெல்லிய கோடும், அதிலிருந்து துரு கசிந்த தடமும் தெரிந்தால் அது விரிசலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஃப்ரேம் கோணலா, நேரா என்று கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். பின்சக்கர ஆக்சில் உட்காரும் இடது காதில் நூலைக் கட்டி, முன்னால் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து, வலது காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் இடையே உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் ஸ்கேலால் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் ஃப்ரேம் நேராக இருக்கிறது. 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால், மெக்கானிக்கிடம் காட்டி நிமிர்த்திய பிறகுதான் அடுத்த செலவு.

ஃப்ரேமில் சிறிய விரிசல் என்றால், அனுபவமுள்ளவர் பித்தளை வைத்து கேஸ் வெல்டிங் செய்து ஒட்டலாம். குழாய் மெல்லியது என்பதால், கரன்ட் வெல்டிங்கில் ஓட்டை விழுந்துவிடும். ஆனால், முன் ஃபோர்க்கில் விரிசல் இருந்தால் ஒட்ட வைக்கும் பேச்சே வேண்டாம். ஓடும்போது ஃபோர்க் முறிந்தால் முகம்தான் தரையில் மோதும். புது ஃபோர்க் போடுங்கள். அடிக்கூடே துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால், அந்த ஃப்ரேமை மட்டும் தயங்காமல் எடைக்குப் போட்டுவிடலாம்.

நிற்காத வண்டி ஓடக் கூடாது

நம் பழைய சைக்கிள்களில் இருப்பது கம்பி பிரேக். பிடியை இழுத்தால் கம்பிகள் மேலே தூக்கி, ரப்பர் கட்டைகள் ரிம்மின் உள்பக்கமாக அழுத்தும். வலுவான அமைப்புதான். ஆனால், மழையில் நனைந்த குரோம் ரிம்மை ரப்பர் சரியாகப் பிடிப்பதில்லை. காய்ந்த ரோட்டில் சட்டென்று நிற்கும் வண்டி, மழையில் அதைப்போல பல மடங்கு தூரம் ஓடித்தான் நிற்கும். பின்னால் பால் கேனோ, மூட்டையோ இருந்தால் இன்னும் தூரம் போகும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்பே பிரேக் வேலையை முடித்துவிட வேண்டும்.

நான்கு கட்டைகளையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி போதும். பிரேக்கை முழுதாக அழுத்தினாலும் பிடி, ஹேண்டில் பாரைத் தொடக் கூடாது. கம்பி இணைப்புகளில் உள்ள போல்ட், நட்டுகள் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இணைப்புகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாம். அது ரிம்மில் மட்டும் படவே கூடாது.

கிராமங்களில் முன் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்கள் நிறைய பேர். 'முன் பிரேக் போட்டால் குப்புற விழுந்துவிடுவோம்' என்ற பயம்தான் காரணம். பிரேக் போடும்போது நம் உடல் எடை முன்பக்கம் சாய்கிறது. அதனால் முன்சக்கரம்தான் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். பின்சக்கரம் லேசாகி வழுக்கும். பின் பிரேக் மட்டும் உள்ள வண்டி, அரை பிரேக் வண்டிதான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழகுங்கள். மழை நேரத்தில் நிற்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்பே பிரேக்கை லேசாகப் பிடித்தபடி வந்தால், ரிம்மில் உள்ள தண்ணீரைக் கட்டை துடைத்துவிடும். அப்புறம் பிடி கிடைக்கும்.

டயரில் ஏமாறாதீர்கள்

'28 இன்ச் டயர்' என்று மட்டும் சொல்லி வாங்கி வந்து, ரிம்மில் ஏறாமல் திரும்பக் கொண்டுபோனவர்கள் உண்டு. 28 இன்ச் என்ற பெயரில் இரண்டு அளவுகள் இருக்கின்றன. 26 இன்ச்சில் மூன்று அளவுகள் பரவலாக இருக்கின்றன. டயரின் பக்கவாட்டில் '40-635' என்பது போல இரண்டு எண்கள் அச்சாகியிருக்கும். முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது எண் ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டுமே மில்லிமீட்டரில். இரண்டாவது எண் பொருந்தினால்தான் டயர் பொருந்தும்.

28 x 1½ – பழைய கறுப்பு சைக்கிள் – 635

700சி – கியர் வைத்த நகரத்து சைக்கிள் – 622

26 x 1⅜ – 590

26 x 1½ – 584

26 x 1.95, 26 x 2.125 போன்ற தடித்த டயர்கள் – 559

பழைய டயரில் உள்ள எண்ணை செல்போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். எண் அழிந்திருந்தால் டயரையே கையோடு கொண்டுபோய்விடுங்கள்.

நம் ஊர் வரப்பிலும் வண்டிப்பாதையிலும் பஞ்சருக்குப் பெரிய காரணம் சீமைக் கருவேல முள். புது டியூப் போடும் முன், டயரின் உள்பக்கம் முழுவதும் பஞ்சையோ, பழைய துணியையோ வைத்துத் தடவுங்கள். முள்முனை இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலால் தடவினால் விரல்தான் கிழியும். பழைய டியூபின் வால்வை வெட்டி எடுத்துவிட்டு, நீளவாக்கில் கிழித்து டயருக்கும் புது டியூபுக்கும் நடுவில் பட்டையாக வைத்தால் சிறிய முள் டியூப் வரை போவது குறையும். ஓட்டும்போது கொஞ்சம் கனம் தெரியும், அவ்வளவுதான்.

காற்று எவ்வளவு பிடிக்கலாம் என்பதும் டயரிலேயே போட்டிருக்கும். காற்று குறைவாக இருக்கும்போது மூட்டையை ஏற்றிக் கல்லில் விட்டால், டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும், ரிம்மும் நெளியும். பழைய வகை வால்வில் உள்ள சிறிய ரப்பர் டியூப் வெடித்துப்போனாலும் காற்று இறங்கும். பஞ்சர் தேடுவதற்கு முன்னால் அதைப் பாருங்கள். சில ரூபாயில் முடிந்துவிடும் வேலை அது.

சக்கரமும் போக்ஸ் கம்பியும்

பழைய கறுப்பு சைக்கிளில் போக்ஸ் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். முன்சக்கரத்தில் 32, பின்சக்கரத்தில் 40 இருந்தால், அது அந்தக் கால பிரிட்டிஷ் சைக்கிள் வழக்கம். ஆளின் எடையும் கேரியர் சுமையும் பின்னால் விழுவதால்தான் அங்கே எட்டுக் கம்பி அதிகம். பல வண்டிகளில் இரண்டு பக்கமும் 36 இருக்கும். ரிம்மை மாற்றும்போது, ஹப்பில் எத்தனை ஓட்டையோ, ரிம்மிலும் அத்தனை இருக்க வேண்டும்.

சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு, பிரேக் கட்டையை ஒட்டிப் பாருங்கள். ரிம் இடமும் வலமும் ஆடினால் பெண்டு எடுக்க வேண்டும். கம்பிகளை இரண்டிரண்டாகக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கத்தில் எல்லாம் ஒரே இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு கம்பி தளர்ந்தால் பக்கத்துக் கம்பி அந்தச் சுமையையும் தாங்கி, அதுவும் அறுந்துவிடும். அதனால் ஒரு கம்பி அறுந்தால் அன்றைக்கே போட்டுவிடுங்கள். அடுத்தடுத்து மூன்று, நான்கு அறுந்தால், கம்பிகள் களைத்துவிட்டன என்று அர்த்தம். மொத்த செட்டையும் மாற்றுவதுதான் லாபம்.

'ஓவராயில்' என்றால் எண்ணெய் விடுவதில்லை

சைக்கிள் கடைகளில் 'ஓவராயில்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். முழுதாகப் பிரித்து, சுத்தம் செய்து, திரும்பப் பூட்டுவதுதான் அது. இரண்டு ஹப், பெடல் ஆக்சில், ஹேண்டில் தலைக்குழாய் ஆகிய நான்கு இடங்களில் உள்ள பால்ரஸ் குண்டுகளையும் வெளியே எடுக்க வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்துக் காயவைத்து, கோனையும் கப்பையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். குண்டு ஓடிய தடம் பளபளவென்று இருந்தால் நல்லது. அம்மை போட்டதுபோல குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். குழியோடு பூட்டினால் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

பழைய குண்டையும் புதுக் குண்டையும் கலந்து போடக் கூடாது. பழசு தேய்ந்து சிறுத்திருக்கும். புதுசு மட்டும் பாரத்தைத் தாங்கி உடையும். பெரும்பாலும் பின் ஹப்பில் பக்கத்துக்கு 9 கால் இன்ச் குண்டுகளும், பெடல் ஆக்சிலில் பக்கத்துக்கு 11 கால் இன்ச் குண்டுகளும், முன் ஹப்பில் பக்கத்துக்கு 10 சிறிய குண்டுகளும் இருக்கும். பழைய குண்டைக் காட்டி அதே அளவில் வாங்குங்கள். பேரிங்குக்குப் போடும் நல்ல கிரீஸ் போதும். டிராக்டரில் இருந்து வடித்த கழிவு ஆயில் வேண்டாம். அதில் இரும்புத்தூளும் கரியும் இருக்கும்.

சரியாகப் பூட்டியிருக்கிறார்களா என்பதை நீங்களே பார்க்கலாம். முன்சக்கரத்தைத் தூக்கி மெல்லச் சுழற்றிவிட்டால், அது சில சுற்று ஓடி, முன்னும் பின்னும் ஊஞ்சல் போல ஆடி, கனமான பக்கம் கீழே வந்து நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் கோன் இறுக்கம். ரிம்மைப் பிடித்து இடவலமாக ஆட்டும்போது 'டக் டக்' என்றால் கோன் தளர்வு.

பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் 'கடக்' என்று தட்டினால் காட்டர் பின் தேய்ந்திருக்கிறது. அதை அடித்து ஏற்றும்போது கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்து அடிக்கச் சொல்லுங்கள். முட்டு இல்லாமல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் உள்ளே இருக்கும் கப்பையும் குண்டையும் குழியாக்கும். இன்னொன்று... இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும். வீட்டில் கழற்றிப் பூட்டுபவர்கள் இதைத் தெரியாமல் மரையை அழித்துவிடுகிறார்கள்.

ஆடிக் காற்றில் மிதிக்க ஒரு வழி

பழைய சைக்கிள்களில் பலவற்றில் முன்பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல் இருக்கும். ஒரு முறை பெடல் சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்தில் சும்மா போகும்போது சரி. 40 லிட்டர் பாலோடு ஏற்றத்திலோ, ஆடிக் காற்றுக்கு எதிரிலோ மிதித்தால் முழங்கால் பேசும்.

இதற்கு கியர் சைக்கிள் வாங்க வேண்டியதில்லை. ஃப்ரீவீலை மட்டும் 22 பல்லுக்கு மாற்றுங்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் நாலரை மீட்டர் போகும். காலில் கொடுக்க வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதே நிதானத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால், மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் போன இடத்தில் 16 கிலோமீட்டர் போவீர்கள். சுமை ஏற்றுபவருக்கு இது நஷ்டமில்லை. இப்படி மாற்றும்போது செயின் ஒரு இன்ச் கூடுதலாகத் தேவைப்படும் அல்லது சக்கரத்தை அரை இன்ச் முன்னால் தள்ள வேண்டும். சக்கரம் நகர்ந்தால் பின் பிரேக்கையும் திரும்பச் சரிசெய்ய வேண்டும். மறந்துவிடாதீர்கள்.

செயினின் வயதை ஸ்கேல் சொல்லிவிடும். ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலை வைத்தால், 12 இன்ச்சில் இன்னொரு பின்னின் நடு வர வேண்டும். அது 1/16 இன்ச் தள்ளிப்போயிருந்தால் செயினை மாற்றுங்கள். 1/8 இன்ச் தள்ளியிருந்தால், பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். ஃப்ரீவீலையும் சேர்த்து மாற்றாவிட்டால் புதுச் செயின் பல்லில் தாவும். செயினுக்கு எண்ணெய் விட்டதும், வெளியே வழியும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெயும் மண்ணும் சேர்ந்தால் அது உப்புத்தாள் போலத்தான் வேலை செய்யும்.

செலவே இல்லாத ஒரு மாற்றம் சீட் உயரம். சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தால் மிதிப்பதால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அதுதான் சரியான உயரம். தாழ்வான சீட்டில் வருடக் கணக்கில் மிதிப்பவர்களுக்கு முழங்கால் வலி வருவதில் ஆச்சர்யம் இல்லை. உயர்த்தும்போது சீட் கம்பி, குழாய்க்குள் குறைந்தது இரண்டரை இன்ச் இருக்கட்டும்.

சந்தைக்கும் தொலைதூரத்துக்கும்

உழவர் சந்தைக்கோ, உறவினர் ஊருக்கோ 20, 25 கிலோமீட்டர் போகிறவர்கள் கேரியரைக் கவனியுங்கள். கேரியரின் கால்கள் பின் ஆக்சில் அருகே போல்ட் போட்டு உட்கார வேண்டும். மட்கார்டு கம்பியில் கட்டிய கேரியர் சுமை தாங்காது. பாரம் கீழே இருக்க இருக்க வண்டி ஆடாது. ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். இரண்டு 20 லிட்டர் கேன் என்றால், கேன் எடை இல்லாமலே 41 கிலோ. இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டு, கேனோ கயிறோ போக்ஸ் கம்பியில் சிக்காதபடி நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். ஸ்டாண்டு, இரண்டு கால் ஸ்டாண்டாக இருக்கட்டும்.

பெண்கள் ஓட்டும் வண்டியில் முழுச் செயின் கவரும், பின்சக்கரத்துக்கு வலைத் தடுப்பும் கட்டாயம். சேலை முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி விழுந்தால் சாதாரணக் காயத்தோடு போகாது.

விடியற்காலை பால் எடுத்துப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பின்னால் வரும் லாரிக்காரருக்கு நீங்கள் தெரிய வேண்டும். டிராக்டர் டிரெய்லரில் ஒட்டுகிற சிவப்பு ரேடியம் ஸ்டிக்கரை பின் மட்கார்டிலும், கேன்களின் பின்பக்கமும் ஒட்டுங்கள். முன்னால் வெள்ளை ஸ்டிக்கர். சார்ஜ் போடும் சின்ன எல்.இ.டி விளக்கு ஒன்று முன்னால், சிவப்பு விளக்கு ஒன்று பின்னால். இந்தச் செலவை எதற்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

பணத்தை மூன்று தவணையாகப் பிரியுங்கள்

மொத்தமாகச் செலவழிக்க முடியாதவர்கள், இப்படிச் செய்யலாம். முதல் தவணையில் பிரேக் கட்டை, டயர், டியூப், ரேடியம் ஸ்டிக்கர், விளக்கு. இரண்டாவது தவணையில் ஓவராயில், போக்ஸ் கம்பி, பெண்டு. மூன்றாவது தவணையில் செயின், ஃப்ரீவீல், கேரியர். பெயின்டும் சீட் கவரும் மிச்சப் பணத்தில். மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுக்கும் முன், மாற்ற வேண்டிய பொருட்களை ஒரு தாளில் எழுதி விலை கேளுங்கள். கழற்றிய பழைய பொருட்களைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள். அடுத்த முறை அளவு காட்ட அவை உதவும்.

வாசகர்கள் கேட்டவை

? 'பழைய சைக்கிளில் கியர் செட் பொருத்த முடியுமா?'

முடியும். ஆனால், வெளியே தொங்கும் கியர் செட் சேறும் வைக்கோலும் உள்ள பாதைக்கு ஒத்துவராது. அடிக்கடி சரிசெய்ய வேண்டும். ஹப்புக்கு உள்ளேயே இருக்கும் மூன்று கியர் அமைப்பு கிடைத்தால் அது மேல். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற பழைய பெயர் பெற்ற மூன்று கியர் ஹப்பில் நடு கியர் நேரடி. கீழ் கியரில் அழுத்தம் கால் பங்கு குறையும், மேல் கியரில் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும். பின்சக்கரத்தையே புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். செலவு கட்டுப்படியாகாவிட்டால், 22 பல் ஃப்ரீவீலே போதும்.

? 'இரும்பு ரிம்மை எடுத்துவிட்டு அலுமினிய ரிம் போடலாமா?'

மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால், கம்பி பிரேக் அதில் வேலை செய்யாது. ஒயர் பிரேக், புதுப் பிடி எல்லாம் மாற்ற வேண்டும். 635 ரிம் இருந்த இடத்தில் 622 ரிம் போட்டால், ரிம் ஆறரை மில்லிமீட்டர் கீழே இறங்கும். அந்த அளவுக்குக் கை நீளமுள்ள பிரேக்காகப் பார்த்து வாங்க வேண்டும். தினமும் நெடுஞ்சாலையில் போகிறவருக்கு இந்தச் செலவு தகும். வயலுக்கும் வீட்டுக்கும் ஓட்டுபவருக்கு, இருக்கிற பிரேக்கைச் சரியாக வைத்துக்கொண்டாலே போதும்.

? 'மகளுக்குப் பள்ளியில் விலையில்லா சைக்கிள் கொடுத்திருக்கிறார்கள். புதுசுதானே, அப்படியே ஓட்டலாமா?'

கடையில் வாங்கினாலும், பள்ளியில் வாங்கினாலும் எந்தப் புதுச் சைக்கிளையும் முதல் நாள் ஒரு முறையும், ஒரு மாதம் ஓட்டிய பிறகு ஒரு முறையும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். புதுச் சக்கரத்தில் போக்ஸ் கம்பிகள் ஓட ஓட இறங்கி உட்காரும். அப்போது தளர்வு எடுத்துவிட்டால், ரிம் பல வருடம் நிற்கும். பிரேக், ஹேண்டில் நட்டு, பெடல், சீட் உயரம் நான்கையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

? 'வீட்டில் இருப்பது பார் வைத்த சைக்கிள். மனைவிக்கு அதைச் சரிசெய்து கொடுக்கலாமா, லேடீஸ் சைக்கிள்தான் வாங்க வேண்டுமா?'

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். அதை நேரில் பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி.சாய்நாத், பார் வைத்த சைக்கிளையே பல பெண்கள் விரும்பினார்கள் என்று குறிப்பிட்டிருக்கிறார். ஆக, அவரிடமே கேளுங்கள். பாரின் இருபுறமும் கால் வைத்து நின்றால், இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பதிந்தால் அந்த வண்டி அவருக்குப் பொருந்தும். எட்டாவிட்டால், 22 இன்ச் ஃப்ரேமுக்குப் பதில் 20 இன்ச் ஃப்ரேம் பாருங்கள். சேலை கட்டி ஓட்டுபவர் என்றால், பார் இல்லாத வண்டிதான் ஏறி இறங்க வசதி.

? 'சரிசெய்த பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?'

வாரம் ஒரு முறை காற்றும் பிரேக்கும். மாதம் ஒரு முறை செயினைத் துடைத்து எண்ணெய், போக்ஸ் கம்பியைக் கையால் அழுத்திப் பார்த்தல். வருடத்துக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்து தை அறுவடைக்குப் பிறகு ஓவராயில். தண்ணீரில் முங்கிய பாதையில் ஓட்டியிருந்தால் தை வரை காத்திருக்க வேண்டாம். ஹப்புக்குள் போன தண்ணீர் கிரீஸைக் கரைத்துக் குண்டுகளைத் துருப்பிடிக்க வைத்துவிடும். அந்த வாரமே பிரித்துப் பாருங்கள்.